வாடகை சரியாக வருகிறது, ஒப்பந்தம்தான் மீறப்படுகிறது: என்ன செய்யலாம்?

வாடகை தராதவரைக் கையாள்வது ஒருவகையில் சுலபம். பணம் வந்ததா, இல்லையா என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. தேதி தவறாமல் வாடகை போட்டுவிட்டு, கேட்காமல் சுவரைத் துளைப்பவர், ஓர் அறையை உள்வாடகைக்கு விடுபவர், நாய் வளர்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு நாய் வைத்திருப்பவர், இவர்களிடம்தான் நம் பொறுமை சோதிக்கப்படும். குடும்பத்து வீடுகளின் வாடகை விவகாரங்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவள் நான். என் வழி இதுதான்.

கோபம் வந்ததும் போனை எடுக்காதீர்கள், ஒப்பந்தத்தை எடுங்கள். நமக்குப் பிடிக்காதது வேறு, மீறல் வேறு. நள்ளிரவில் வேலை முடிந்து வருபவர் கதவைத் திறக்கும் சத்தம் மீறல் ஆகாது. விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம் என்று நீங்களே எழுதி வைக்கவில்லையென்றால், அவருடைய தம்பி மாதக்கணக்கில் தங்குவதைக் கேள்வி கேட்பதும் கஷ்டம்தான். ஷரத்து எண்ணைக் காட்ட முடியாதபோது அது வெறும் வேண்டுகோள், வேண்டுகோளாகவே பேசுங்கள். இன்னொன்று: பார்வையற்றவரின் வழிகாட்டி நாயைப் பல நாட்டுச் சட்டங்கள் செல்லப்பிராணிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்புறம், நேரில் பாருங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை மட்டும் நம்பி நோட்டீஸ் அனுப்பக் கூடாது. அவர்களுக்குள் என்ன பகை என்று நமக்குத் தெரியாது. சொந்த வீடே ஆனாலும், ஆபத்தான அவசரம் தவிர, சொல்லாமல் உள்ளே போக உரிமை இல்லை. 24 மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர் இருக்கும்போது போய், தேதியோடு படம் எடுங்கள்.

முதலில் ஒரு தடவை பேசிப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பேசி முடித்ததை அன்றே ஒரு செய்தியாக அனுப்பி வையுங்கள். முடியவில்லை என்றால் நோட்டீஸ். ஏசி குழாய்க்காகச் சுவரைத் துளைத்தவருக்கு நான் எழுதியது இது:

“ஒப்பந்தத்தின் 9-ஆம் ஷரத்துப்படி, எழுத்தில் அனுமதி வாங்காமல் சுவரில் துளையிடக் கூடாது. 12-ஆம் தேதி நாம் இருவரும் பார்த்தபோது படுக்கையறை வெளிச்சுவரில் துளை இருந்தது. அதற்குக் கீழே உள்பக்கம் ஈரம் இறங்கியிருந்தது. 26-ஆம் தேதிக்குள் நீர் புகாதபடி அடைத்து, சுவரைப் பூசித் தரவும். 27-ஆம் தேதி காலை 10 மணிக்கு வந்து பார்க்கிறேன்.”

அவ்வளவுதான். திட்டும் இல்லை, பழைய கதையும் இல்லை. ‘உடனே சரிசெய்யவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் உடனேயும் அவருடைய உடனேயும் ஒன்றல்ல. எத்தனை நாள் தர வேண்டும் என்பதை உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட நோட்டீஸுக்கு விடுமுறை நீங்கலாக 3 நாள், விர்ஜீனியாவில் 21 நாள். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதற்கு ஆதாரம் இருக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது அடுத்த மாத வாடகையில். மீறல் தெரிந்தும் பேசாமல் வாடகையை வாங்கிக்கொண்டே இருந்தால், ‘உரிமையாளர் ஒத்துக்கொண்டுவிட்டார்’ என்று அவர் தரப்பு வாதிடலாம். பல இடங்களில் அந்த வாதம் எடுபடும். அதனால் ரசீதிலேயே ஒரு வரி சேர்ப்பேன்: “வாடகை பெற்றேன், 12-ஆம் தேதி கண்ட மீறல் பற்றிய நோட்டீஸ் அப்படியே நிற்கிறது.” காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் வாடகையை மட்டும் வக்கீலைக் கேட்காமல் வாங்காதீர்கள். உள்வாடகைக்கு வந்தவரிடம் நேராகப் பணம் வாங்குவதும் வம்பு. நாளைக்கு அவரும் உங்கள் வாடகைதாரர் என்று வந்து நிற்பார்.

எல்லாவற்றையும் எதிர்க்கவும் வேண்டாம். நாய் அமைதியானது, அக்கம்பக்கத்தில் புகார் இல்லை, சேதத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்றால், அதையே ஒப்பந்தத்தில் கூடுதல் ஷரத்தாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம். நல்ல வாடகைதாரரை இழப்பதைவிட அது லாபம்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் வக்கீல், பிறகு நீதிமன்றம். பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது எதுவும் கூடாது. பெரும்பாலான இடங்களில் அது சட்டவிரோதம். புகார் கொடுக்கப் போன நீங்களே எதிர்த்தரப்பு ஆகிவிடுவீர்கள். சேதத்துக்கான கணக்கை அவர் காலி செய்யும்போது அட்வான்ஸில் தீர்க்கலாம். ஆனால் துளையடைத்த கூலிக்கு ரசீது வேண்டும். வருடக்கணக்கில் மங்கிய பெயிண்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சாதாரணத் தேய்மானம்.