பைலட் பற்றுகிறது, நிற்கவில்லை: கேஸ் கணப்பைச் சரிபார்ப்பது எப்படி

கால்கரியில் அக்டோபர் பிறந்ததும் எங்கள் வரவேற்பறை கேஸ் ஃபயர்பிளேஸைப் பற்றவைத்துப் பார்த்துவிடுவேன். போன வருடம் பைலட் சுடர் (பெரிய பர்னரைப் பற்றவைக்கும் குட்டிச் சுடர்) பற்றியது, குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்தது. வந்து பார்த்தவர் வால்வையே மாற்றணும் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே உட்கார்ந்து பார்த்தேன்.

கேஸ் வாடை அடித்தால் எதையும் தொடாதீர்கள். சுவிட்சைக்கூடப் போடாமல் எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து கேஸ் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். வாடை இல்லையென்றால் குமிழை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். முன்பக்கக் கண்ணாடி நன்றாக ஆறிய பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும்.

பொறியே வரவில்லையா? அறையை இருட்டாக்கிப் பற்றவைக்கும் பொத்தானை அழுத்துங்கள். பொறி தரும் கம்பியின் முனைக்கும் பைலட் மூடிக்கும் நடுவே சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தாவ வேண்டும். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி வேறெங்கோ போய்விடும். ரிமோட்டில் இயங்கும் புது மாடல் என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

பைலட் பற்றியதும் குமிழை முப்பது விநாடியாவது, தேவைப்பட்டால் ஒரு நிமிடம் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். சுடரில் நிற்கும் மெல்லிய கம்பிதான் தெர்மோகப்பிள். அது சூடேறித் தரும் 25, 30 மில்லிவோல்ட்தான் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சூடு போதாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும்.

அதனால் கையை எடுக்கும் முன் சுடரைப் பாருங்கள். நீலமாக, சீறிக்கொண்டு, கம்பியின் மேல்முனையைத் தழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அது மஞ்சளாகத் துவண்டு, கம்பியைத் தொடாமலே ஆடியது. பைலட் மூடிக்குள் சிலந்தி வலை! கோடை முழுக்க அணைந்து கிடந்ததல்லவா. கேஸை அடைத்து, எல்லாம் ஆறிய பிறகு, டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றை உள்ளே அடித்தேன். கம்பியில் படிந்த கரியை நைசான ஸ்டீல் உல்லால் மெதுவாகத் துடைத்தேன். அப்புறம் பற்றவைத்தபோது சுடர் நேராக நிமிர்ந்து நின்றது. வால்வில் ஒரு குறையும் இல்லை.

பைலட் நின்றும் பெரிய பர்னர் எரியவில்லையென்றால் பக்கத்தில் இருக்கும் தடித்த கம்பியைச் சந்தேகியுங்கள். அது தெர்மோபைல், பைலட் சூட்டில் பெரிய பர்னரின் வால்வைத் திறக்க மின்சாரம் தருவது. மின் அளவு காட்டும் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, வால்வில் டிபி (TP), டிஎச்டிபி (THTP) என்று குறித்த முனைகளில் அளந்து பாருங்கள். பைலட் மட்டும் எரியும்போது 500-ஐத் தாண்டினால் நல்லது. 300-க்குக் கீழே போனால் முதலில் துடைத்துப் பாருங்கள், அதற்கும் ஏறாவிட்டால் மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் எரியவில்லையா? சுவர் சுவிட்சின் ஒயர்கள் வந்து சேரும் டிஎச் (TH), டிஎச்டிபி முனைகள் இரண்டையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். உடனே எரிந்தால் கோளாறு சுவர் சுவிட்சிலோ அதற்குப் போகும் ஒயரிலோதான். இந்தச் சுவிட்சில் வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

வால்வைப் பிரிப்பதும் கேஸ் குழாயைத் தொடுவதும் உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டர் வேலை, அதில் கை வைக்காதீர்கள். கண்ணாடியைப் பழையபடி இறுக்கி மாட்டிய பிறகே பெரிய பர்னரை எரிய விடுங்கள். அதே கையோடு கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் டெஸ்ட் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.