கோடைப் பயணம்: அறை முன்பதிவிலிருந்து மலை இறக்கம் வரை

ஏப்ரல் பிறந்ததும் நம் வீடுகளில் ஊட்டிப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகளின் தேர்வு முடியும் நாளைக் கணக்கிட்டு, அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்து, புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் தங்குவதற்கு அறை தேட உட்காருகிறோம். காரின் டயரையோ புறப்படும் நாள் விடியற்காலையில்தான் குனிந்து பார்க்கிறோம். முன்பணத்தை மோசடிக்காரரிடம் பறிகொடுப்பதும், வழியெல்லாம் பெட்ரோலை வீணாக எரிப்பதும் பெரும்பாலும் இந்தக் கடைசி நேர அவசரத்தால் நேர்பவையே என்பது பல கோடைகளின் அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்டது. ஆகவே நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று சென்னையிலிருந்து சொந்தக் காரில் உதகமண்டலம் சென்று திரும்புவதாக வைத்துக்கொண்டு, எதை எப்போது செய்ய வேண்டும் என்று பயணத்தின் போக்கிலேயே எழுதுகிறேன்.

போக வர ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் இதற்கு 73 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள கரி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியேறுகிறது என்பதால், இந்த ஒரு பயணத்தில் மட்டும் நாம் விடும் வாயு 170 கிலோவைத் தொடும். இதில் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினாலும் ஏழு லிட்டர் பெட்ரோலும், லிட்டர் 100 ரூபாய் என்ற கணக்கில் 700 ரூபாயும், 17 கிலோ வாயுவும் குறையும். ஒருவரோ இருவரோ மட்டும் செல்வதானால் காரையே எடுக்காமல் நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலிலோ அரசுப் பேருந்திலோ செல்வதே நல்லது என்பேன். ரயிலில் 60 நாள் முன்னதாக முன்பதிவு தொடங்கிவிடுவதால், அந்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அறைக்கு முன் இ-பாஸ்

காரில்தான் செல்வது என்று முடிவானால் முதல் வேலை இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் இதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்களும் அனுமதிக்கப்பட்டன. அறைக்குப் பணம் கட்டிவிட்டுப் பிறகு இ-பாஸுக்குப் போய், அந்த நாளுக்கு இடம் தீர்ந்துவிட்டது என்று திகைப்பதைவிட, முதலில் நாளை உறுதிசெய்துகொண்டு அறைக்குச் செல்வது பாதுகாப்பானது. தமிழக அரசின் தளத்தில் இ-பாஸ் இலவசமாகவே கிடைக்கிறது. எனவே இ-பாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் எவரையும் நம்பத் தேவையில்லை. முடிந்தால் வார நாளில் செல்லுங்கள். பாஸும் எளிதில் கிடைக்கும், மலைப்பாதையில் நெரிசலில் நின்று எரிக்கும் பெட்ரோலும் குறையும்.

அறை பதிவு செய்வது எப்படி

இந்த இடத்தில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் எங்கள் குடும்பமே இதில் அடிபட்டிருக்கிறது. என் தங்கை வீட்டார் உதகையில் ஒரு விடுதியை இணைய வரைபடத்தில் பார்த்து, அதன் கீழே இருந்த எண்ணுக்குப் பேசினார்கள். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத் தமிழில் பேசினார். அறையின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சீசன் என்பதால் பாதித் தொகையை உடனே செலுத்தினால்தான் அறையை நிறுத்தி வைக்க முடியும் என்றார். 8,000 ரூபாய் போனதும் விடுதியின் முத்திரையோடு ஒரு ரசீதும் வந்தது. மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது விடுதி அங்கே இருந்தது, அவர்கள் பெயரில் பதிவுதான் இல்லை. அந்த எண் தங்களுடையதே அல்ல என்று விடுதியின் மேலாளர் சொன்னார். வரைபடத்தில் உள்ள எண்ணை யார் வேண்டுமானாலும் திருத்தப் பரிந்துரைக்க முடியும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கைக்குழந்தையோடு குளிரில் அவர்கள் அறை தேடி அலைந்த அந்த மாலையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இத்தகைய மோசடி பெருகியதால், மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம், விடுதி அறை, வாடகைக் கார் ஆகியவற்றின் பெயரில் போலி இணையதளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் தேடுபொறி விளம்பரங்களும் உலவுகின்றன என்பதே அதன் சாரம். தேடும்போது முதலில் வந்து நிற்பது நம்பகமான தளம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது காசு கொடுத்து அந்த இடத்தை வாங்கிய விளம்பரமாகவும் இருக்கலாம்.

ஆகவே எண்ணை ஒரே இடத்திலிருந்து எடுக்காதீர்கள். விடுதியின் சொந்த இணையதளத்திலும், நன்கு அறியப்பட்ட ஒரு முன்பதிவுத் தளத்திலும், வரைபடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தரைவழித் தொலைபேசி எண் இருந்தால் அதற்குப் பேசுங்கள். அனுப்பப்பட்ட அறைப் படங்களைத் தேடுபொறியின் படத் தேடலில் இட்டுப் பார்த்தால், அதே படுக்கையும் அதே திரைச்சீலையும் வேறு ஊர் விடுதியின் பெயரில் கிடக்கக்கூடும். எனக்கு மிகவும் பயன்பட்டது ஜிஎஸ்டி எண்ணைக் கேட்பதுதான். 15 இலக்கம் கொண்ட அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கின்றன. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. உதகையில் விடுதி நடத்துவதாகச் சொல்பவர் தரும் எண் வேறு இலக்கத்தில் தொடங்கினால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். 33 என்றே தொடங்கினாலும் விட்டுவிடாமல், ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இட்டு, நிறுவனத்தின் பெயர் விடுதியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டியதில்லை. சிறிய ஹோம்ஸ்டேக்களில் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் இருக்கலாம் என்பதால், அங்கே தெரிந்தவர்கள் தங்கிவிட்டு வந்திருக்கிறார்களா என்பதே முதல் சோதனை. இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு விடுதிகள் இருக்கின்றன; கழகத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யலாம்.

பணம் செலுத்தும் முறையில்தான் தப்பிப்பதும் மாட்டிக்கொள்வதும் தீர்மானமாகிறது. விடுதிக்குச் சென்றபின் செலுத்தும் வாய்ப்பு இருந்தால், அறை வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். முன்பணம் தவிர்க்க முடியாததானால் கிரெடிட் கார்டில் செலுத்துங்கள். சேவை கிடைக்காவிட்டால் வங்கியிடம் அந்தத் தொகையைக் குறித்துத் தகராறு எழுப்ப அதில் வழி உண்டு. யுபிஐயில் அனுப்புவதானால், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் திரையில் தோன்றும் பெறுநரின் பெயரை நிதானமாகப் படியுங்கள். விடுதியின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது. பதிவை ரத்து செய்தபின், பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின்னை இடுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் கணக்கிலிருந்து இன்னொரு முறை எடுக்கப் பார்க்கிறார் என்றே பொருள். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வதும் இதே வகைதான்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசி, பணம் சென்ற நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். மோசடிக்காரர் அதை வேறு கணக்குகளுக்கு நகர்த்துமுன் தகவல் போய்ச் சேர்ந்தால் வங்கிகள் அதை முடக்கி வைக்க முடியும். என் தங்கை வீட்டார் இரண்டு நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தார்கள், அதற்குள் கணக்கு காலியாகிவிட்டது. வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உண்மையான விடுதியே சொன்ன அறையைத் தராமலோ முன்பணத்தைத் திருப்பாமலோ இழுத்தடித்தால் அது நுகர்வோர் தகராறு. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்

இனி காருக்கு வருவோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது டயருக்கு எவ்வளவு காற்று, ஆளும் பெட்டியும் நிறைந்திருக்கும்போது எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். பின் டயருக்கு நிறைசுமையில் கூடுதல் காற்று தேவைப்படும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. காற்று குறைந்த டயர் சாலையில் அதிகம் நசுங்கி உருள்வதால் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, டயரும் சூடேறுகிறது. மே மாத வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில், அந்தச் சூடு டயர் வெடிக்கும் அபாயம் வரை கொண்டுபோகும். காற்றை வண்டி ஓடிக் களைக்குமுன், காலையில் வீட்டுக்கு அருகிலுள்ள பெட்ரோல் பங்க்கில் பாருங்கள். அங்கே காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது விதி. நெடுந்தூரம் ஓடிய டயரில் அழுத்தம் தானாகவே ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வழியில் காற்றைத் திறந்துவிடுவது தவறு.

ஏர் ஃபில்டர், எஞ்சின் ஆயில், பிரேக் பேட், புகைச் சான்று ஆகியவற்றை அந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். மேற்கூரை கேரியர் தேவையில்லையென்றால் கழற்றி வையுங்கள். காற்றை எதிர்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் கம்பிகள் வெறுமையாக இருந்தாலும் பெட்ரோலைத் தின்னும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலை எடுத்துக்கொள்வது நல்லது. விடியற்காலையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். பங்க்கின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் பகலிலும் இரவிலும் அதன் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை.

சாலையில்

சென்னையிலிருந்து சேலம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். நிற்காமல் 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மூன்று மணி 24 நிமிடம், 80இல் சென்றால் நாலேகால் மணி. வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 80இல் அது 100இல் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அந்த 51 நிமிடத்தைப் பெற அரை மணி முன்னதாக எழுந்து, காலை உணவுக்கு நிற்கும் நேரத்தைச் சற்றுச் சுருக்கிக்கொண்டால் போதும். வேகத்தை விடவும் முக்கியமானது அதன் சீர்மை. முன்னால் செல்லும் லாரிக்கு மிக அருகில் போய்ப் பிரேக் அடித்து, மீண்டும் முடுக்கி, மீண்டும் அடிப்பவர் ஒவ்வொரு முறையும் பெட்ரோலால் பெற்ற வேகத்தைப் பிரேக்கின் சூடாக வீசி எறிகிறார். இடைவெளி விட்டுச் சென்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும். சுங்கச்சாவடி வரிசையிலும் நீண்ட சிக்னலிலும் எஞ்சினை அணைத்துவிடுங்கள். நகருக்குள் மெதுவாக ஊரும்போது ஜன்னலைத் திறந்தும், நெடுஞ்சாலையில் ஜன்னலை மூடி ஏசியை மிதமாக வைத்தும் செல்வது சிக்கனம்.

மலையில்

மேட்டுப்பாளையத்தில் சற்று ஓய்வெடுத்துவிட்டு ஏறுங்கள். சீசனில் உதகைக்கு ஏறும் வாகனங்கள் குன்னூர் வழியாகவும் இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படுவது வழக்கம் என்பதால், வரைபடச் செயலி சொல்வதைவிடக் காவலர் சொல்வதையே கேட்க வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் திணறித் துடிக்கும்வரை பெரிய கியரில் இழுக்காமல், கொண்டை ஊசி வளைவு வருமுன்பே கியரைக் குறைத்து, ஒரே சீராக ஏறினால் எரிபொருளும் குறையும், கிளட்ச்சும் கருகாது.

இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இது உயிரைக் குடிக்கும் நம்பிக்கை. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எரிபொருள் தெளிப்பு முழுவதுமாக நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தொடர்ந்து எரிய வேண்டும். அதாவது நியூட்ரல்தான் கூடுதலாகக் குடிக்கிறது. அதோடு எஞ்சினின் பிடிமானமும் போய், முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. பிரேக் தொடர்ந்து அழுந்திச் சூடேறினால் பிடிப்பு தளர்ந்துவிடும், எண்ணெய் கொதித்தால் மிதியே உள்ளே போய்விடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகல் வாடை அடித்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, பிரேக் ஆறும்வரை காத்திருங்கள். எதிரே ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும், புறப்பட்ட அன்று டேங்க்கை நிரப்பிய அதே பங்க்கில் மீண்டும் முழுதாக நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இடையில் போட்டதும் சேர்த்த மொத்த லிட்டரால் வகுத்து, அந்த எண்ணைத் தேதியோடு வண்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டேஷ்போர்டு காட்டும் மைலேஜைவிட இதுதான் நம்பகமானது. 2024இல் 13.8 என்று எழுதியிருந்த எங்கள் கார், நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, 80ஐத் தாண்டாமல் சென்ற அடுத்த கோடையில் 15.6 கொடுத்தது.