தோட்டத்து வீட்டில் அலுவலக வேலை: லெப்டொப்பைக் கடைசியில் வாங்குங்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்கும் அலுவலகங்கள் பலவும் முதல் காசை நல்ல லெப்டொப்பில் போட்டுவிடுகின்றன. அந்த லெப்டொப் பிறகு தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரி மேலிருக்கும் ரவுட்டரோடு மல்லுக்கட்டும். மலையகத்தில் முதலில் பார்க்க வேண்டியது சிக்னல், அடுத்தது கரண்ட். கம்பியூட்டர் அதற்குப் பிறகுதான்.

சிக்னல்

அளவெடுக்க ஊழியரின் அண்ட்ராய்ட் போனே போதும். செட்டிங்ஸில் ‘போன் பற்றி’ பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் (dBm) என்ற அளவில் மைனஸ் எண்ணாகத் தெரியும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். காம்பராவின் (அறையின்) நடுவில், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்), பின்பக்க ஜன்னலோரத்தில் என மூன்று இடங்களில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மைனஸ் 80, 90 என்றால் கவலையில்லை. மைனஸ் 110ஐயும் தாண்டிக் கீழே போனால் வீடியோ கூட்டத்தை நம்ப முடியாது. டயலொக், மொபிட்டெல், ஹட்ச் சிம்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியாவது சோதியுங்கள். மலை எந்தப் பக்கம் மறைக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே லயத்தின் (வரிசை வீடுகளின்) இரு முனைகளில்கூட முடிவு மாறும்.

வேகத்தைக் காலை 10 மணிக்கும் இரவு 8 மணிக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். இரு வேளையும் சிக்னல் ஒரே அளவில் இருந்து, இரவில் வேகம் மட்டும் விழுந்தால் டவரில் நெரிசல் என்று பொருள். அதை எந்த அண்டெனாவும் தீர்க்காது, வேறு நிறுவனத்துக்கு மாறுவதே வழி. குரலுக்கு மட்டும் நொடிக்கு 100 கிலோபிட் போதும். தெளிவான வீடியோவுக்கு 1 முதல் 3 மெகாபிட் வேண்டும், அதுவும் அனுப்பும் திசையிலும் சேர்த்து. பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

தகரம் அலையைத் தடுக்கும். ஆகவே ரவுட்டர் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் இருக்கட்டும். அங்கிருந்து மேசைக்கு லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். வெளி அண்டெனா வைப்பதானால் அதன் கேபிள் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மெல்லிய கேபிள் 10 மீட்டர் ஓடினால் அண்டெனா தந்த லாபத்தைக் கேபிளே தின்றுவிடும். அண்டெனா பொருத்தும் வாய் எல்லா ரவுட்டரிலும் கிடையாது, வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்.

பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்பார்கள். 4ஜி அலைவரிசைகளைப் பனிமூட்டம் பெரிதாகப் பாதிப்பதில்லை. குறுக்கே நிற்கும் மரங்களின் நனைந்த இலைகளும், கரண்ட் இல்லாமல் பெட்டரி தீர்ந்த டவரும்தான் பெரும்பாலும் காரணம்.

கரண்டும் இடியும்

கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்க, டிசி யூபிஎஸ் என்ற சிறிய பெட்டரிப் பெட்டி ஒன்று போதும். அடெப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து அதே அளவில் வாங்குங்கள். பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்றிருந்தால், 12 வோல்ட்டில் 1 அம்பியர் எடுக்கும் ரவுட்டருக்குப் பத்து மணிநேரம் வரும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த எண் உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. 3.7ஆல் பெருக்கினால் 37 வாட்மணி. இழப்புப் போக ஏறக்குறைய 30. 12 வோல்ட்டில் 1 அம்பியர் என்றால் 12 வாட், ஆகவே இரண்டரை மணிநேரம்தான். டெஸ்க்டொப்புக்கு 650 விஏ யூபிஎஸ் கொடுத்தால் வேலையைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு லெப்டொப்பே மேல்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி வரும். திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் எர்த்தைப் பார்ப்பதில்லை. எர்த் இல்லாவிட்டால் அது அரைகுறையாகவே காக்கும். மூன்று பின் சார்ஜர் போட்ட லெப்டொப்பின் உலோக மூடியில் விரலை வைத்தால் சிலுசிலுவென்று இருக்கிறதா? எர்த் வந்து சேரவில்லை என்று சந்தேகியுங்கள். எர்த்தைத் துண்டிக்கும் இரண்டு பின் அடெப்டர் நடுவில் இருக்கலாம், அல்லது வீட்டு வயரிங்கிலேயே எர்த் இல்லாமல் இருக்கலாம். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டன் சுவிட்சை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல. எலெக்ட்ரீசியனை வைத்து அளந்துவிடுங்கள், அந்தச் செலவை அலுவலகம் ஏற்பதே நியாயம். முதல் முழக்கம் கேட்கும் முன்பே சார்ஜர், ரவுட்டர் அடெப்டர், அண்டெனா கேபிள், லேன் கேபிள் நான்கையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு அண்டெனாவை விட்டால் மின்னலுக்கு வழி திறந்தே இருக்கும். தலைக்கு மேல் இடிக்கும்போது மட்டும் எதையும் தொட வேண்டாம்.

கம்பியூட்டரும் மற்றதும்

8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழையது வாங்கினால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் ப்ரொசெசர்களை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. டிஸ்க்கைப் பிட்லொக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதியால் பூட்டி, மீட்புச் சாவியை அலுவலகத்தில் வையுங்கள். இரண்டாம் கட்டக் கடவு எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பாமல் ஒதென்டிகேட்டர் செயலியில் கொடுங்கள். சிக்னல் இல்லாத மூலையிலும் அது எண் தரும்.

லேனோ வைஃபையோ, அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ (அளவுள்ள டேட்டா) என்று குறித்துவிட்டால் விண்டோஸ் அப்டேட்டுகளில் பெரும்பாலானவை பகல் டேட்டாவைத் தின்னாது. பெக்கேஜில் இரவு டேட்டா இருந்தால், வாரம் ஒருநாள் அந்தக் குறியை எடுத்துவிட்டு அப்டேட்டை அப்போது ஓடவிடலாம்.

தகரத்தில் மழை விழும்போது லெப்டொப் மைக் எடுப்பதெல்லாம் மழையைத்தான். வாயருகே நீட்டும் மைக் உள்ள ஹெட்செட், உதட்டோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. சூமில் பின்னணிச் சத்தக் குறைப்பை உச்சத்தில் வையுங்கள். அப்படியும் அடைமழையில் பேசுவதைவிடச் சட் (chat) பெட்டியில் எழுதுவதே மேல்.

கம்பியூட்டரைக் கொடுக்குமுன் அலுவலகத்திலேயே, தூரத்திலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போட்டு, தூரத்திலிருந்து திறந்து பார்த்துவிடுங்கள். இணையமே அறுந்தால் அதுவும் உதவாது. அதனால் ரவுட்டரின் முதுகில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும், அணைந்தால் என்ன பொருள், எந்த எண்ணுக்கு அழைப்பது. போனில் ‘ஏதோ சிவப்பா எரியுது’ என்பதற்குப் பதில் ‘மூணாவது விளக்கு சிவப்பு’ என்று வந்தால் கோளாறைப் பிடிப்பது சுலபம்.