வெளிநாட்டுப் பேராசிரியர் உங்கள் துறைக்கு வருகிறார் என்றால்

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மூன்று மாதம் உங்கள் துறையில் தங்கி, நீங்கள் பாடம் நடத்தும் விதத்தைப் பார்த்து, தன்னுடைய விதத்தையும் காட்டிவிட்டுப் போகப்போகிறார் என்று உறுதியானதும் பல துறைகள் முதல் வேலையாகச் சிறப்புச் சொற்பொழிவுக்குத் தேதி குறிக்கின்றன. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அவர் கூடவே இருக்கப்போகும் ஆசிரியர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒருவர், பெயரோடு. குழு வேண்டாம். நான் ஒருங்கிணைத்த முதல் வருகையில் துறைத் தலைவர், பன்னாட்டு உறவு அலுவலகம், டீன் அலுவலகம் என்று மூன்று இடத்திலும் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்திருந்தோம், வந்தவரோ மூன்று வாரம் லாகின் இல்லாமல், யாரைக் கேட்பது என்றும் தெரியாமல் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விருந்தினர் கூடவே இருக்கப்போகும் ஆசிரியருக்கு அந்த செமஸ்டரில் ஒரு பாடமாவது குறைத்துக் கொடுங்கள், நேரம் இல்லாதவரிடம் விருந்தினரை ஒப்படைத்துப் பயனில்லை.

அப்புறம் காகித வேலை. குறைந்தது ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். அழைப்புக் கடிதத்தில் தேதிகள், செய்யப்போகும் வேலை, யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள், தங்குமிடம் எது, எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் விசா அதிகாரியின் கையில் இருப்பது அந்தக் கடிதம்தான். விசா வகையில் கவனம் தேவை. உதாரணமாக, பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவில் பேராசிரியர், ஆய்வறிஞர் வகைகளில் ஒருவரை அழைத்தால், அவர் சில வாரமே இருந்துவிட்டுப் போனாலும் அடுத்த 24 மாதத்துக்கு அதே வகைகளில் திரும்பி வர முடியாது. அதே விசாவில் குறுகிய கால அறிஞர் என்று இன்னொரு வகை இருக்கிறது, அதிகபட்சம் 6 மாதம், இந்தத் தடை கிடையாது, ஆனால் அந்த 6 மாதத்துக்கு மேல் நீட்டிக்கவும் முடியாது. மூன்று மாத வருகைக்கு எது பொருந்தும் என்று பன்னாட்டு அலுவலகத்தோடு உட்கார்ந்து பேசிய பிறகே படிவத்தைத் தொடுங்கள். மருத்துவக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள்: ஜே-1 விதிப்படி ஒவ்வொரு விபத்துக்கும் நோய்க்கும் குறைந்தது 1,00,000 டாலர் வரை ஈடு கிடைக்க வேண்டும். உடன் வரும் குடும்பத்தினருக்கும் அதே விதிதான்.

அடையாள அட்டை, மின்னஞ்சல், வைஃபை, நூலக அனுமதி, அறைச் சாவி எல்லாம் அவர் வந்து இறங்கும் நாளில் தயாராக இருக்கட்டும்.

சரி, வந்த பிறகு என்ன செய்வது? ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸில் பாடம் நடத்தப் போகும் ஆசிரியர் வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் கற்பிக்க வேண்டும், பயிற்சியும் சேர்ந்திருந்தால் 4 மணி நேரம் போதும். இப்படி ஒரு அளவு இருப்பது நல்லது, வந்தவர் வெறும் பார்வையாளராக ஒதுங்கிவிடாமல் இருப்பார். ஆனால் முதல் இரண்டு வாரம் அவரைப் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். உங்கள் வகுப்புகளில் பின்வரிசையில் உட்காரட்டும், மாணவர்கள் எங்கே கேள்வி கேட்கிறார்கள், எங்கே மௌனமாகிறார்கள் என்று பார்க்கட்டும். பிறகு ஒரு பாடப்பகுதியை அவரும் உங்கள் ஆசிரியரும் சேர்ந்து திட்டமிட்டுச் சேர்ந்தே நடத்தட்டும். வகுப்பு முடிந்த கையோடு அரை மணி நேரம் இருவரும் பேச வேண்டும், அட்டவணையிலேயே அந்த அரை மணியை எழுதி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு கூட்டம் அதை எடுத்துக்கொள்ளும். என் அனுபவத்தில் இரு பக்கமும் அதிகம் கற்றுக்கொண்டது அந்த அரை மணியில்தான். வினாத்தாள் எப்படித் தயாரிக்கிறீர்கள், விடைத்தாளுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்கள் என்பதையும் காட்டுங்கள், ஒரே விடைத்தாளை இருவரும் தனித்தனியாகத் திருத்தி, போட்ட மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறை சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள். விருந்தினர் என்ற மரியாதையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் முதலில் சொல்வார், அதனால் நான்காவது வாரத்தில் துறைத் தலைவர் இல்லாமல், உடனிருக்கும் ஆசிரியர் மட்டும் போய், "எங்கள் வகுப்பில் எதை மாற்றலாம்?" என்று நேராகக் கேட்கட்டும்.

பொதுச் சொற்பொழிவை இப்போது வையுங்கள், கடைசி இரண்டு வாரத்தில். அதற்குள் அவருக்கு உங்கள் மாணவர்களைத் தெரிந்திருக்கும், பேச்சும் அவர்களுக்கானதாக இருக்கும்.

அவர் கிளம்பிய மறுநாளே மின்னஞ்சலை முடக்கிவிடாமல் ஆறு மாதமாவது திறந்து வைக்க அனுமதி வாங்குங்கள், அடுத்த செமஸ்டரில் இரண்டு நாட்டு மாணவர்களும் சேர்ந்து உட்காரும் ஓர் இணையவழி வகுப்புக்கான தேதியை அவர் விமானம் ஏறும் முன்பே இருவரும் குறித்துக்கொள்ளுங்கள்.