கொழும்புக்கு வரும் சொந்தக்காரருக்கு எதைக் காட்டுவது, எதைச் சாப்பிடக் கொடுப்பது

கொழும்பைப் பார்க்க வந்தவர்கள் களைத்துச் சலித்துத் திரும்பினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் பார்த்த இடங்கள் அல்ல, போன நேரம்தான். பகல் பதினொரு மணி வெயிலில் காலிமுகத்திடலில் நின்றால் தலையிடி மிஞ்சும். பின்னேரம் ஐந்தரைக்குப் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோ பிடித்தால் பொழுது வீதியிலேயே போய்விடும். சாப்பாட்டுக்கும் இதே கதைதான். அப்பம் காலையிலும் இரவிலும் சுடுவது. மத்தியானம் கேட்டால் அநேகமான கடைகளில் இராது. சோறு கறி பன்னிரண்டு மணிக்குச் சுடச்சுட இருக்கும், மூன்று மணிக்குக் கேட்டால் ஆறிப்போன மிச்சம் வரும். கொத்து ரொட்டிக் கல் சூடாவது பொழுது பட்டபின். ஆகவே நேரத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் இடத்தைப் பொருத்துங்கள்.

வருபவர் யார் என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரை வெள்ளவத்தைத் தோசைக் கடைக்குக் கூட்டிப் போவது வீண். அவருக்கு லம்பிரைஸ் (வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொதி), பலூடா, இறால் வடை என்று கொழும்புக்கே உரியதைக் கொடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் ஒரு காலைச் சாப்பாடாகக் கட்டாயம் வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முட்டை அப்பம் நல்ல தொடக்கம்; உறைப்பை அவர்களே கட்டாசம்பலாக (மிளகாய்ச் சம்பல்) தொட்டுக்கொள்ளலாம்.

காலை ஏழரைக்குக் கொச்சிக்கடையில் தொடங்குங்கள். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டினார். அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை அதை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். தூண்களை ஆறுதலாகப் பார்க்க அரை மணி நேரம் கொடுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், அதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். வெயில் ஏறினால் வெளிக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது; பூசை முடிந்து மத்தியானம் நடையும் சாத்திவிடுவார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமையில் எல்லாச் சமயத்தாரும் வந்து நெரிவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்க்க விரும்பினால் செவ்வாய், அமைதியாகக் கும்பிட விரும்பினால் வேறு நாள்.

பிறகு செட்டியார் தெரு வழியாக நடந்தே புறக்கோட்டைக்குள் இறங்கலாம். நகைக் கடைகளுக்கு நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன. ஆடிவேல் திருவிழாத் தேர் புறப்படுவது இங்கேயிருந்துதான். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல் 1909இல் முடிந்தது. தொழுகை நேரம் தவிர்த்துப் போனால் உள்ளே பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு முதல் இரண்டு வரை அந்தப் பக்கம் வேண்டாம். ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வந்தால் குறுக்குத் தெருக் கடைகள் அநேகமாகப் பூட்டு. நடக்கும்போது முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பின்னால் சத்தம் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். பாரம் ஏற்றிய கைவண்டியோடு வரும் நாட்டாமைமாருக்கு (சுமை தூக்கும் தொழிலாளருக்கு) சட்டென்று நிறுத்த முடியாது. படம் எடுக்கத் தெரு நடுவில் நிற்பவர்கள்தான் அடிபடுவது.

பதினொன்றரை அளவில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் வெள்ளவத்தைக்கு டிக்கெட் எடுங்கள். தெற்கே போகையில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வலது பக்கம் கடல். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி இருபது நிமிடம் அளவில் இறங்கலாம். இது கொழும்பின் மிக மலிவான, மிக அழகான பயணம் என்பது உறுதி. காலையும் மாலையும் அலுவலக நேரத்தில் கால்வைக்க இடம் கிடைக்காது. மத்தியானத்தில் ரயில்களுக்கு இடைவெளி அதிகம், நேரம் பார்த்துப் போங்கள். டிக்கெட்டை எறிந்துவிட வேண்டாம், வெளியேறும்போது கேட்பார்கள். ரயில் தவறினால் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் ஓயாமல் ஓடும்.

வெள்ளவத்தையில் ஒரு மணிக்குள் சோற்றுக்கு அமருங்கள். சைவம் சாப்பிடுபவருக்கு இங்கேதான் மிகக் கவனம் தேவை. பொதுவான கடைகளில் சம்பலிலும் சில மரக்கறிகளிலும் மாசி (உலர்த்திய மீன்) போடுவார்கள். "மரக்கறிக் கொத்து" என்று கேட்டாலும் முட்டை உடைத்து ஊற்றுவது வழக்கம். கல்லும் கரண்டியும் இறைச்சிக்குப் பாவித்தவை. "மாசி இல்லை, முட்டை இல்லை" என்று இரண்டையும் தனித்தனியே சொல்ல வேண்டும். கண்டிப்பான சைவக்காரரைச் சைவக் கடைக்கே கூட்டிப் போவது நல்லது. லம்பிரைஸ், ஒல்லாந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் சமையல்: இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, கலந்த இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, இறால் பிளாச்சாங் (உலர்ந்த இறால் சம்பல்), பொரித்த இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் கட்டி அவணில் வைத்து எடுப்பது. உள்ளே மாடோ பன்றியோ இருக்கலாம், வாங்குமுன் கேளுங்கள். நல்ல இடங்களில் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், முதல் நாளே சொல்லி வைக்கவும்.

சூடான பின்னேரத்துக்கு 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. தமிழர் எவரும் தவறவிடக் கூடாதது காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ காலத்து 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. சீனப் பகுதி புத்தருக்குச் செய்த காணிக்கையைச் சொல்ல, தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனைக் கோயிலில் நாயனார் என்ற தெய்வத்துக்குச் செய்ததைச் சொல்கிறது. பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல நடராசரையும் பாருங்கள். மற்ற மண்டபங்களை வேகமாகக் கடந்துவிடலாம். தாமரைக் கோபுரம் வானம் தெளிவாக இருந்தால் மட்டும்.

ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். ஆண்டு முழுவதும் ஆறுக்கும் ஆறரைக்கும் கிட்டத்தட்டத்தான் சூரியன் மறையும். இறால் வடையை அடுக்கி வைத்ததிலிருந்து எடுக்க விடாமல், எண்ணெயிலிருந்து நேரே வாங்குங்கள். அடுக்கியது தோல்போல இழுபடும். வயிறு கெடுவது அநேகமாக வடையால் அல்ல, மேலே போடும் பச்சை வெங்காயத்தாலும் திறந்து வைத்த சோஸாலும். புதிதாக வந்தவருக்கு அவை இல்லாமல் கொடுங்கள். "இன்று பன்சலையில் (பௌத்த விகாரையில்) யானைப் பெரஹரா (ஊர்வலம்)" என்று வழியில் வந்து பேசுபவரோடு ஓட்டோ ஏறவேண்டாம். அது இரத்தினக் கடைக்குத்தான் போகும். ஓட்டோவுக்குத் தொலைபேசிச் செயலியில் பிக்மீ அல்லது ஊபர் போடுங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காலி வீதி முகப்புக் கடையை ஏறுமிடமாகக் கொடுத்தால் சாரதி அலைய மாட்டார்.

இரவு ஏழரைக்குப் பின் கொத்து. ஒரு தட்டு இருவருக்குக் காணும். குழம்பைத் தனியாகக் கேளுங்கள். கல்லிலேயே ஊற்றிக் கொத்தினால் ரொட்டி களியாகிவிடும், உறைப்பையும் குறைக்க வழியில்லை. பக்கத்தில் ஒரு பிளேன்ரீ (பாலில்லாத தேநீர்). சோட்டீஸ் (சிற்றுண்டி) தட்டு மேசைக்குத் தானாக வந்தால் பயப்பட வேண்டாம், எடுத்த ரோல்ஸுக்கும் பட்டிஸுக்கும் மட்டும் கணக்குப் போடுவார்கள்.