அமுக்கிப் பிடித்தால் வலி கூடும்: குழந்தைக்கு ஊசி போடும்போது தவிர்க்க வேண்டியவை

தசையில் ஊசி போடுவது சில நொடி வேலை. ஆனால் குழந்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது, ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நம் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முதல் தவறு, குழந்தையை மல்லாக்கப் போட்டு ஆளுக்கொரு கை கால் அமுக்கிப் பிடிப்பது. 'அசையாமல் இருக்க வேண்டுமே' என்பது நியாயம்தான். ஆனால் அமுக்க அமுக்கக் குழந்தை திமிறும், தொடைத் தசை விறைக்கும், விறைத்த தசையில் ஊசி இறங்கினால் வலி அதிகம். அதைவிட அம்மாவோ அப்பாவோ மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். ஊசி போடும் காலை மட்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி, நர்ஸ் தன் இன்னொரு கையால் நிறுத்திக்கொண்டால் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரலாம். கை தளர்வாகத் தொங்க வேண்டும். இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி மேலேற்றுவதைவிட, அந்தக் கையை மட்டும் சட்டையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது இடம். புட்டத்தில் ஊசி போடும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குழந்தைகளுக்கு அங்கே தசை குறைவு, கொழுப்பு அதிகம், அருகிலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பு. அதில் ஊசி பட்டால் வலியோடு முடியாது, கால் பலவீனமாகிவிடலாம். கைக்குழந்தைக்குத் தொடையின் முன்-வெளிப்புறம்தான் சரியான இடம். இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து முழங்கால் வரை மூன்று பங்காகப் பிரித்து, நடுப்பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று வயதுக்கு மேல் பெரும்பாலும் மேற்கைத் தசை.

சின்னக் குழந்தைக்குச் சின்ன ஊசிதான் வலிக்காது என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது தப்புக்கணக்கு. ஊசி நீளம் போதாவிட்டால் மருந்து தசைக்குப் போகாமல் தோலடிக் கொழுப்பிலேயே தங்கும். அப்புறம் வீக்கமும் சிவப்பும் வலியும் வீட்டுக்குப் போன பிறகு படுத்தும். ஒரு மாதம் தாண்டிய குழந்தையின் தொடைக்குப் பொதுவாக 25 மில்லிமீட்டர் ஊசி, பிறந்த குழந்தைக்கு 16. சாய்க்காமல் 90 டிகிரியில், தயங்காமல் ஒரே சீராக இறக்க வேண்டும்.

ஊசி உள்ளே போனதும் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் பலருக்கு ஊறிப்போனது. தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்று உலக சுகாதார அமைப்பு 2015-லேயே சொல்லிவிட்டது. தொடையிலும் மேற்கையிலும் ஊசி போடும் இடத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் இல்லை. இழுத்துப் பார்க்கும் அந்த நொடிகளில் ஊசி உள்ளே ஆடும், வலி நீளும். ஆனால் இதை எல்லா மருந்துக்கும் நீட்டிவிடக் கூடாது. பென்சத்தீன் பெனிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அங்கே இழுத்துப் பார்க்கத்தான் வேண்டும், கெட்டியான அந்த மருந்தை மெதுவாகவும் செலுத்த வேண்டும். குளிர்பதனத்தில் இருந்தது என்றால் உள்ளங்கையில் சற்று நேரம் வைத்து, குளிர் விட்ட பிறகு போடலாம்.

ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினால் எரியும். அது காயும்வரை பொறுத்தால் போதும். போட்ட இடத்தைத் தேய்ப்பதும் வேண்டாம், பஞ்சை வைத்து லேசாக அழுத்திப் பிடித்தாலே சரி.

ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி என்றால் எது முதலில் என்று யாரும் யோசிப்பதில்லை. அதிகம் வலிப்பதைக் கடைசியில் வைக்க வேண்டும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லாவுக்கானது), நிமோகாக்கல் (நிமோனியா போன்றவற்றைத் தடுப்பது) தடுப்பூசிகள் அந்த வகை. வலி மிகுந்ததை முதலில் போட்டுவிட்டால் அடுத்த ஊசிக்குள் குழந்தை அழுது தவித்துவிடும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைவிட எளிய வலி நிவாரணி வேறு தேவையில்லை. 'புரையேறும்' என்று சொல்லிப் பாலை நிறுத்திவைப்பதுதான் தவறு. ஊசிக்குச் சற்று முன்பே தொடங்கி, போடும்போதும் போட்ட பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். தாய்ப்பாலுக்கு வழியில்லை என்றால் மருத்துவமனையில் தரும் சர்க்கரைக் கரைசல் இரண்டு மில்லி, ஊசிக்கு ஓரிரு நிமிடம் முன்பு. இனிப்புதானே என்று தேன் தடவக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வர வாய்ப்புண்டு.

மரத்துப்போகச் செய்யும் களிம்பை அறைக்குள் நுழையும்போது தடவிப் பயனில்லை. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வேண்டும். குழந்தையின் வயதுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டே தடவ வேண்டும்.

பேச்சிலும் கவனம் தேவை. "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லிவிட்டுக் குத்தினால், அடுத்த முறை நர்ஸ் எதைச் சொன்னாலும் பிள்ளை நம்பாது. "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்பதும் பிரமாதமான ஆறுதல் இல்லை, எறும்புக்கடி யாருக்குப் பிடிக்கும்? "இப்போ போடப்போறேன், பெருமூச்சு விடு" என்று இயல்பாகச் சொல்லிவிட்டுப் போடலாம். சின்னவர்களுக்கு நீர்க்குமிழி, பொம்மை, செல்போன் வீடியோ எதுவானாலும் சரி. "சேட்டை பண்ணினா ஊசி போட்டுடுவாங்க" என்று வீட்டில் மிரட்டுவதுதான் இதில் மிக மோசம். அந்தப் பயத்தோடு வரும் பிள்ளையிடம் எந்த உத்தியும் பாதிதான் பலிக்கும்.

வலிக்காமல் இருக்கட்டுமே என்று தடுப்பூசிக்கு முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதையும் விட்டுவிடலாம். குத்தும்போது வரும் வலியை அது குறைக்காது. பிறகு காய்ச்சல் வந்து குழந்தை சிரமப்பட்டால், மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.