பழைய அணையை அகற்றுவது எப்படி: வண்டலை அளப்பதிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

பயன் முடிந்துபோன ஓர் அணையை அகற்றும் பணியில் சுவரை உடைப்பது மிகச் சிறிய பகுதிதான். பத்தடி, இருபதடி உயரமுள்ள சுவரை ஒரு பொக்லைன் இயந்திரமும் பாறை உடைக்கும் பிரேக்கரும் சில வாரங்களில் தரைமட்டமாக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் நேரத்தையும் பணத்தையும் விழுங்குவது அந்தச் சுவருக்குப் பின்னால் தலைமுறைகளாகத் தேங்கிக் கிடக்கும் வண்டல். அது எவ்வளவு இருக்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது, அவிழ்த்துவிட்டால் எங்கே போய்ச் சேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மற்ற முடிவுகளை எடுக்க வேண்டும். அமெரிக்காவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட அணைகள் அகற்றப்பட்டுள்ளன. வெற்றிகளும் இடறல்களும் அங்கே நன்கு பதிவாகியிருப்பதால் இவ்வழிகாட்டி அந்த அனுபவத்தையே அடிப்படையாகக் கொள்கிறது.

இது ஆற்றை மறித்து நிற்கும், வேலை தீர்ந்த அணைகளுக்கான வழிமுறை. மழைநீரைப் பிடித்துவைத்துப் பாசனத்துக்கும் கிணறுகளுக்கும் இன்றும் உதவும் நம் ஏரி, கண்மாய்க் கரைகளுக்கு, பழையவை என்ற ஒரே காரணத்தால் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அணை இன்னும் என்ன வேலை செய்கிறது?

முதலில் அணையின் உரிமையாளர் யார், அது எதற்காகக் கட்டப்பட்டது, இன்று அதை நம்பியிருப்பவர்கள் யார் என்று எழுத்தில் பட்டியலிட வேண்டும். மெய்ன் மாநிலத்தில் கெனிபெக் ஆற்றின் குறுக்கே 1837இல் கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மின் உற்பத்தித் திறன் வெறும் 3.5 மெகாவாட்; மீன்கள் ஏறிச் செல்ல வழி அமைக்கும் செலவோ அணையையே இடிக்கும் செலவைவிட அதிகம். இரண்டையும் எடைபோட்ட கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், உரிமையாளர் விரும்பாதபோதும் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, அணையை அகற்றும்படி 1997இல் உத்தரவிட்டது. 1999 ஜூலை 1 அன்று ஆறு மீண்டும் ஓடியது. நீங்கள் எடுத்துக்கொண்ட அணைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: பழுதுபார்த்துப் பராமரிக்கவும், பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வலுப்படுத்தவும், மீன்வழி கட்டவும் ஆகும் செலவு ஒரு பக்கம், அகற்றும் செலவு மறுபக்கம்.

பட்டியலில் எளிதாக விடுபட்டுப்போவது குடிநீர் உறிஞ்சுமிடம். நீர்த்தேக்கத்தில் குழாயை இறக்கி வைத்திருக்கும் ஊர், அணை போனபின் கலங்கிய ஆற்றிலிருந்து நீர் எடுக்க வேண்டியிருக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் இதை முன்கூட்டியே உணர்ந்து புதிய சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டிய பிறகும், 2012 இலையுதிர் காலத்தில் வண்டலும் மரக்கழிவும் உறிஞ்சுமிடத்தை அடைத்துக்கொண்டன. அதைச் சீர்செய்யும்வரை அணை உடைப்பு ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தப்பட்டது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய கிணறுகளின் மட்டமும் இறங்கக்கூடும் என்பதால், பணி தொடங்கும் முன்பே அவற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் அளந்து பதிவு செய்துவைப்பது பின்னாளில் எழும் வழக்குகளைத் தவிர்க்கும். மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் உள்ள பாலங்களின் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதையும் பார்க்க வேண்டும்.

'அணை போனால் வெள்ளம் வரும்' என்ற அச்சம் எல்லா ஊர்க் கூட்டங்களிலும் எழும். வழிந்தோடும் வகையைச் சேர்ந்த தாழ்வான அணைகள் எப்போதும் நிரம்பியே இருப்பதால் வெள்ளத்தைத் தாங்க அவற்றில் இடமே இருப்பதில்லை. அவற்றை அகற்றினால் மேற்புறத்து வெள்ள மட்டம் பெரும்பாலும் குறையும். ஆனாலும் இதை வாயால் சொன்னால் போதாது, அந்த ஆற்றுக்கே உரிய நீரியல் கணக்கீட்டுடன் காட்ட வேண்டும். சில இடங்களில் அணையை விட்டுவைப்பதே சரியாகவும் இருக்கலாம். அமெரிக்கப் பேரேரிகளில் வந்து கலக்கும் பல ஓடைகளில், பிற மீன்களின் இரத்தத்தை உறிஞ்சி வாழும் கடல் லாம்ப்ரே என்ற அயல் உயிரினம் மேலே ஏறாமல் தடுப்பது சிறு அணைகள்தாம்.

வண்டலை அளப்பது

தொடக்கக்கட்ட அளவுக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சிறு படகு, ஒன்றோடொன்று திருகி நீட்டக்கூடிய இரும்புக் கம்பிகள், இடத்தைக் குறிக்க ஒரு ஜிபிஎஸ் கருவி ஆகியவை போதும். நீர்த்தேக்கத்தின் மீது கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் வண்டலின் மேற்பரப்புவரை நீரின் ஆழத்தை அளக்க வேண்டும். பிறகு கம்பியைக் கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். சேற்றில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும், மணலில் நறநறக்கும், பழைய ஆற்றுப்படுகையின் கூழாங்கல்லைத் தொட்டதும் 'டங்' என்று நின்றுவிடும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தப் புள்ளியில் வண்டலின் தடிமன். அணை கட்டுவதற்கு முந்தைய வரைபடம் கிடைத்தால் கணக்கைச் சரிபார்க்கலாம். பெரிய அணைகளுக்கு ஒலியலை கொண்டு ஆழம் அளக்கும் கருவியும் துளையிட்டு எடுக்கும் மண் மாதிரிகளும் கட்டாயம்.

கிடைத்த கன அளவைத் தனியாகப் பார்த்தால் பொருள் விளங்காது. அந்த ஆறு இயல்பாக ஓராண்டில் சுமந்து செல்லும் வண்டலோடு அதை ஒப்பிட வேண்டும். தேங்கியிருப்பது ஓராண்டுச் சுமையைவிடக் குறைவு என்றால் கீழ்ப்புறத்தில் விளைவு சிறிதாகவே இருக்கும். பத்தாண்டுச் சுமையைத் தாண்டினால் அது பெரிய திட்டம், கணினி மாதிரிகளும் நீண்ட ஆய்வும் தேவைப்படும். தேங்கியிருப்பது எந்த வகை மண் என்பதும் முக்கியம். களியும் மென்சேறும் நீரில் கலங்கி விரைவாகக் கீழே போய்விடும். அந்நாள்களில் மீன்களின் செவுள்களுக்கு ஆபத்து. மணலும் கூழாங்கல்லும் படுகையோடு உருண்டு மெதுவாக நகர்ந்து, பள்ளங்களை நிரப்பி, சில காலத்துக்கு நீர்மட்டத்தை உயர்த்தும்.

அடுத்தது நச்சுப் பரிசோதனை. இதை ஒருபோதும் சிக்கனப்படுத்தக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் 1973இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை இடித்தபோது, மேற்புறத்து மின்தேக்கித் தொழிற்சாலைகளிலிருந்து வந்து படிந்திருந்த பிசிபி (மின்தேக்கிகளில் பயன்பட்ட ரசாயனம்) என்ற நஞ்சு வண்டலோடு கீழே அடித்துச் செல்லப்பட்டது. அந்த ஆற்றின் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளம் பின்னர் 1984இல் நச்சுத் தூய்மைக்குரிய இடமாக அறிவிக்கப்பட்டது. 2009 முதல் 2015 வரை படுகையைத் தோண்டி அள்ள வேண்டியதாயிற்று. ஆகவே மாதிரி எடுக்கும் முன் மேற்புறத்தில் நூறாண்டுகளாக என்னென்ன இருந்தன என்று விசாரியுங்கள்: தோல் பதனிடும் ஆலை, நெசவாலை, காகித ஆலை, சுரங்கம், எரிவாயு ஆலை. எந்த நஞ்சைத் தேடுவது என்பதை அந்த வரலாறே சொல்லும். மாதிரிகளை மேற்பரப்பில் மட்டும் எடுத்தால் போதாது; பழைய தொழிற்சாலைக் காலத்து அடுக்கு பல அடி ஆழத்தில் இருக்கும்.

எந்த வழியில் அகற்றுவது?

நஞ்சில்லாத வண்டலாகவும், கீழ்ப்புறத்தில் வீடுகளோ உறிஞ்சுமிடமோ இல்லாமலும் இருந்தால், ஆற்றையே வேலை செய்யவிடுவதுதான் மலிவான வழி. ஓரிகன் மாநிலத்தின் சாண்டி ஆற்றில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள மார்மட் அணையின் பின்னால் சுமார் 7.3 லட்சம் கன மீட்டர் மணலும் கூழாங்கல்லும் இருந்தன. 2007 கோடையில் மேற்புறத்தில் ஒரு தற்காலிக மண்ணணை போட்டு, உலர்ந்த நிலத்தில் காங்கிரீட்டை முழுவதும் அகற்றிவிட்டு, அக்டோபரில் முதல் பெருமழை வந்ததும் மண்ணணையை உடைத்துவிட்டார்கள். மூன்று நாள்களுக்குள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கும், சில மாதங்களில் பாதியளவும் அரித்துச் செல்லப்பட்டன. கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் சால்மன் மீன்களுக்குப் பெரிய கேடு நேரவில்லை. அதிகக் கலங்கல் குறுகிய காலத்துக்கு வருவது, மிதமான கலங்கல் பல பருவங்களுக்கு நீடிப்பதைவிட மீன்களுக்கு நல்லது என்பது என் கருத்தும்கூட. ஆனால் இது ஆற்றுக்கு ஆறு மாறும்.

பெரிய அணைகளில் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம். எல்வா ஆற்றின் 64 மீட்டர் உயர க்ளைன்ஸ் கேன்யன் அணையை மிதவையில் நிறுத்திய பிரேக்கரால் மேலிருந்து கொத்தி, மாறி மாறி இரு பக்கமும் வெட்டுவாய் இட்டு, தண்ணீர் மட்டத்தைத் தவணை தவணையாக இறக்கினார்கள்; மீன்கள் ஏறும் பருவங்களில் வேலையை நிறுத்தினார்கள். 2011 செப்டம்பரில் தொடங்கிய பணி 2014 ஆகஸ்டில் முடிந்தது. இதற்கும், அதே ஆற்றில் அகற்றப்பட்ட எல்வா அணைக்கும் பின்னால் சுமார் 2.1 கோடி கன மீட்டர் வண்டல் இருந்ததால் அந்த நிதானம் தேவைப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் ஐந்தாண்டுகளில் அரித்துச் செல்லப்பட்டு, பெரும்பகுதி கடலோரம் சேர்ந்து, தேய்ந்துபோயிருந்த முகத்துவாரத்தை மீண்டும் வளர்த்தது.

நஞ்சோ கீழ்ப்புற ஆபத்தோ இருந்தால் அள்ளி அகற்ற வேண்டும், அல்லது இருந்த இடத்திலேயே நிலைநிறுத்த வேண்டும். தூர் வாரி அகற்றுவது மிகச் செலவானது. கலிஃபோர்னியாவின் கார்மெல் ஆற்றில் நிலநடுக்க ஆபத்துள்ளதாகக் கருதப்பட்ட சான் கிளெமென்டே அணையை 2015இல் அகற்றியபோது, கீழே வீடுகள் இருந்ததால் வண்டலை விடுவிக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, ஆற்றைப் பக்கத்து ஓடைப் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள்.

உரிமங்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி, மாநிலத்தின் நீர்த்தரச் சான்று, அணைப் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல், அழியும் உயிரினங்கள் குறித்த கலந்தாய்வு, அணையே வரலாற்றுச் சின்னமாக இருந்தால் அதற்கான ஆய்வு ஆகியவை தேவை. தாழ்வான அணைகளுக்கென 2017இல் தனிப் பொது அனுமதி வந்தபின் சிறு திட்டங்களுக்கு வழி சற்று எளிதாகியிருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாத் துறையினரையும் ஒருசேர அணைக்கு அழைத்து வந்து காட்டிவிடுவது பல மாதக் கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும்.

நீரை இறக்கி, உடைத்தல்

நீரை இறக்கும் வேகத்தில் கவனம் தேவை. மண்கரை உள்ள இடங்களில் நாளொன்றுக்கு அரை அடி முதல் ஓரடிவரை என்ற மெதுவான வேகமே பாதுகாப்பானது. வேகமாக இறக்கினால் நீர் ஊறிய கரைகள் தாங்குநீரை இழந்து சரிந்துவிடும். அவசரமாகக் காலிசெய்யும் முறையும் உண்டு. வாஷிங்டனின் ஒயிட் சால்மன் ஆற்றில் 38 மீட்டர் உயர காண்டிட் அணையின் அடியில் சுரங்கம் தோண்டி 2011 அக்டோபர் 26 அன்று வெடிவைத்தபோது, ஆறு மணி நேரத்தில் வடியும் என்று கணக்கிட்ட நீர்த்தேக்கம் இரண்டு மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டது. கீழே மனிதர்களும் சொத்துகளும் இல்லாத ஆற்றில் மட்டுமே அத்தகைய பிழையைத் தாங்க முடியும்.

மதகைத் திறந்துவிட்டு நீரை இறக்கும் நாள்களில், நீர் வெளியேறும் சுரங்கவழியாக மீன்குஞ்சுகளை அனுப்பக் கூடாது. ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளமத் ஆற்றில் 2024 பிப்ரவரி இறுதியில் மீன் பொரிப்பகத்திலிருந்து விடப்பட்ட சுமார் 8.3 லட்சம் சினூக் சால்மன் குஞ்சுகள், அயர்ன் கேட் அணையின் சுரங்கத்தைக் கடக்கையில் அழுத்த மாற்றத்தால் உடலில் வாயுக்குமிழ்கள் உண்டாகி மடிந்தன. பொரிப்பகத்தின் நாள்காட்டியையும் அணை உடைப்பின் நாள்காட்டியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவரை உடைக்கும்போது அடித்தளம்வரை, பழைய படுகை மட்டத்துக்கும் கீழே, எடுத்துவிட வேண்டும். ஓரடி உயரக் காங்கிரீட் விளிம்பு மிஞ்சினாலும், நீர் குறைந்த காலத்தில் அது சிறு மீன்களுக்குச் சுவர்தான். கட்டடக் கழிவையும் பாறைச் சரிவையும் கவனியுங்கள்: க்ளைன்ஸ் கேன்யனில் அணை போன பிறகும் பள்ளத்தாக்கில் விழுந்து கிடந்த பெரும் பாறைகள் மீன்களைத் தடுத்ததால், அவற்றைத் தனியாக வெடிவைத்து உடைக்க வேண்டியிருந்தது.

மட்டம் இறங்கியதும் படுகையில் ஒரு படிபோன்ற வெட்டு உருவாகி, ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். ஆறு தன் பழைய சரிவைத் தேடிக்கொள்வது இப்படித்தான். அதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் அதன் பாதையில் பாலத் தூணோ, படுகைக்கு அடியில் புதைத்த எரிவாயு, சாக்கடைக் குழாயோ இருந்தால் அந்த இடத்தில் முன்னதாகவே பெருங்கற்களை அடுக்கிப் படுகையை வலுப்படுத்த வேண்டும்.

சேற்றுநிலமும் தொடர் அளவீடும்

நீர் வடிந்ததும் வெளிப்படும் சேற்றுநிலத்தை வெறுமனே விட்டால் களைகள் முந்திக்கொள்ளும். கிளமத் ஆற்றில் யூரோக் பழங்குடியினரின் குழுக்கள் உட்படப் பலர் அணைகள் உடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உள்ளூர்ப் புல், செடி, மரங்களின் விதைகளைக் கையால் சேகரித்தனர். பிறகு அவற்றைப் பண்ணைகளில் பெருக்கி, ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட விதைகளைத் தூவத் திட்டமிட்டனர். சேறு ஈரமாக இருக்கும்போதே முதல் விதைப்பு நடந்துவிட வேண்டும். காய்ந்து வெடித்த சேற்றில் விதை ஊன்றாது. ஈரச் சேற்றில் கால்நடைகளும் மான்களும் சிக்கிக்கொள்ளும் என்பதால் முதல் சில மாதங்களுக்கு வேலி தேவை. இந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்பதையும் உடைப்புக்கு முன்பே பத்திரத்தில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அளவீட்டை அணை நிற்கும்போதே தொடங்குங்கள். குறைந்தது ஓராண்டுக்கு முன்பிருந்து, அணைக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் நிரந்தரக் குறியிட்ட குறுக்குவெட்டுகளில் படுகை மட்டம், நீரின் வெப்பம், கலங்கல், மீன் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்யாவிட்டால், பிறகு வரும் மாற்றம் எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. நிலையான இடத்திலிருந்து ஒரே கோணத்தில் எடுக்கும் ஒளிப்படங்கள் செலவில்லாத, ஆனால் ஊர்க் கூட்டத்தில் எடுபடும் சான்று. மீன்களின் கணக்குக்கு மட்டும் பொறுமை வேண்டும், ஏனெனில் ஒரு தலைமுறை மீன் கடலுக்குப் போய்த் திரும்பவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கெனிபெக்கின் கிளையாறான செபாஸ்டிகுக்கில் 2008இல் ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணையும் அகற்றப்பட்ட பின்புதான், ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆல்வைஃப் என்ற, கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் சிறு மீன்கள் மேலேறத் தொடங்கின. எனவே ஒரே ஆற்றில் பல தடைகள் இருந்தால் கடலுக்கு மிக அருகில் உள்ளதிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போவதும், அளவீட்டுக்கான நிதியைப் பத்தாண்டுகளுக்கேனும் முதல் ஒப்பந்தத்திலேயே ஒதுக்கிவைப்பதும் நல்லது.